எட்டும் பதின்மூன்றும்

நான் இதை அமைதியாகச் சொல்லப்போவதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி சின்ன வயதுக் கதை சொன்னால் குரல் தழதழக்க வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்கலாம். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்னைப்போல ஒன்பது பத்து வயதில் டென்மார்க்கில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்கு, அப்பா அம்மாவுக்காக டொக்டரிடமும் வங்கியிலும் தபால் கந்தோரிலும் நின்று வாய் வலிக்க மொழிபெயர்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு நான் நிறைய விளக்க வேண்டியிருக்காது.

ஊரின் பெயர் வேண்டாம். டென்மார்க்கின் மேற்கே, யூலன்ட் பக்கம் ஒரு நகரம். நான்கு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும், பின்னால் ஒரு பைன் தோப்பு, தோப்புக்குள்ளால் போனால் பள்ளிக்கூடம். அப்பாவுக்குப் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அம்மா கதவு, ஜன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டு அறையைத் துப்புரவு செய்தார். அண்ணா, நாங்கள் இங்கே வருமுன்பே, நாட்டிலேயே இல்லாமல் போனவர். அவரைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவருடைய படம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் வந்து இரண்டாவது குளிர்காலம் அது. நான் பைன் காய் பொறுக்கத் தொடங்கியதற்குக் கலையும் காரணமில்லை, ஒரு மண்ணும் காரணமில்லை. ஒற்றைக் கையுறையைத் தொலைத்துவிட்டேன். கோட்டுப் பைக்குள் கையை விட்டால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு காயை எடுத்துப் போட்டேன். ஈரத்தில் கிடந்த காய் இறுக வாயை மூடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஹீட்டருக்கு மேலே வைத்தால் கொஞ்ச நேரத்தில் டிக், டிக் என்று செதில் செதிலாக விரியும். அறை முழுக்கப் பிசின் மணம் வரும். அம்மா அந்தச் சத்தத்தைப் பூச்சி என்று நினைத்துத் தும்புத்தடியால் ஹீட்டருக்குப் பின்னால் குத்திக்கொண்டிருந்தார்.

"உதென்னடி குப்பை? எடுத்து வெளியால எறி."

"குப்பை இல்லை அம்மா. பாருங்கோ, எல்லாம் ஒரே மாதிரிச் சுத்திச் சுத்திப் போகுது."

"சுத்துறது உன்ர தலைதான். கணக்குக் கொப்பியை எடு."

கணக்குத்தான் அது. எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. காயைத் தலைகீழாகப் பிடித்து, வலப்பக்கம் சரிந்து போகும் செதில் வரிசைகளுக்குச் சிவப்புப் பேனாவாலும் இடப்பக்கம் சரிந்து போகும் வரிசைகளுக்கு நீலப் பேனாவாலும் அடையாளம் போட்டேன். ஒரு பக்கம் எட்டு வரிசை, மற்றப் பக்கம் பதின்மூன்று. அடுத்த காயை எடுத்தேன். எட்டு, பதின்மூன்று. தோப்பின் மற்றக் கரையில் வேறு மரத்தில் பொறுக்கினேன். அதிலும் எட்டு, பதின்மூன்று. சின்னக் காய்கள் சிலவற்றில் ஐந்தும் எட்டுமாக வந்தது. ஏழும் பன்னிரண்டும் ஒருநாளும் வரவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே விளங்காத காலம் அது. இந்த நாட்டில் எனக்கு முதன்முதலாக முழுதாக விளங்கிய விஷயம் இதுதான், அதற்கு டெனிஷ் தேவைப்படவும் இல்லை.

டிசம்பர் நத்தார் விடுமுறை முடிந்து போனபோது பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிற்பி வந்திருந்தார். முற்றத்தில் வைக்க ஒரு சிற்பம் செய்ய கொம்யூன், அதாவது நகரசபை, அவரை அமர்த்தியிருந்தது. பிள்ளைகளிடமிருந்து யோசனை எடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய பாதங்களும் சீமெந்து தூசி படிந்த சப்பாத்துகளும் கொண்ட மனிதர். எந்நேரமும் கடதாசியில் சுற்றிய கறுப்புப் பாணைத் தின்றுகொண்டே படம் கீறுவார். ஆளுக்கொரு கட்டி களிமண் தந்து, இயற்கையில் நீங்கள் பார்த்த ஒரு வடிவத்தைச் செய்யுங்கள் என்றார். வகுப்பில் பாதிப் பேர் முள்ளெலி செய்தார்கள். மிச்சப் பேர் நத்தை.

நான் களிமண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டேன். வீட்டில் அம்மாவின் கரண்டிப் பை இருந்தது. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒருதரம் பாவித்துவிட்டு எறியும் வெள்ளைப் பிளாஸ்ரிக் தேக்கரண்டிகளை அம்மா எறியவிடமாட்டார். கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். என்றைக்காவது உதவும் என்று நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். கரண்டியின் கைப்பிடியை ஒடித்தால் அடியில் ஒரு முள் மிஞ்சும், அதைக் களிமண்ணில் குத்தலாம். கரண்டி செதிலாக நிற்கும். முதலில் வட்டம் வட்டமாகக் குத்தினேன். அசிங்கமாக வந்தது. பிடுங்கிவிட்டு இன்னொரு காயைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது. வட்டம் போடக் கூடாது. ஒவ்வொரு கரண்டியையும் குத்திய பிறகு, எங்கே பெரிய இடைவெளி இருக்கிறதோ அங்கே அடுத்ததைக் குத்த வேண்டும். அதை மட்டும் பிழைக்காமல் செய்துகொண்டு போனால் எட்டும் பதின்மூன்றும் தானாக வந்துவிடும். கரண்டிப் பை பாதியாகிவிட்டதற்கு அம்மாவிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தெரியும். நான் குந்தியிருந்து செய்ததைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர்.

சிற்பி என்னுடையதைத்தான் எடுத்தார். அதைப் பெரிதாக்கி, ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, நடுவில் சீமெந்து, வெளியே இரும்புத் தகட்டுச் செதில்கள் என்று செய்வதாக முடிவாயிற்று. நடுப் பகுதியைப் பள்ளிக்கூடத்து மரவேலை அறையில் வார்த்தார். நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். செதில்கள் வரவேண்டிய இடங்களை வட்டம் வட்டமாகக் குறித்து வைத்திருந்தார், கூரைக்கு ஓடு அடுக்குகிறமாதிரி.

"இது பிழை," என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த டெனிஷில் மரியாதையாகச் சொல்லும் வழி ஏதும் இல்லை.

அவர் பாணைக் கீழே வைத்தார். "எங்கே பிழை?"

"எல்லாம்."

அவர் கோபிக்கவில்லை. ஈரத் துணியால் தன் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு, என் கையில் ஒரு சோக்கட்டியைத் தந்து ஏணியைக் காட்டினார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு மூன்று கிழமை நான் அந்த ஏணியில் நின்றேன். நான் புள்ளி வைப்பேன், அவர் துளை போடுவார். ஒன்றுகூட அவர் குறிக்கவில்லை. ஒருதரம் அவராக ஓர் இடத்தைக் காட்ட, நான் இல்லை என்று தலையாட்ட, அவர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நீ சொல்வதுதான் சரி," என்றார். கடைசி நாள், சிற்பத்துக்குக் கீழே வைக்கும் பெயர்த் தகட்டில் உன் பெயரும் இருக்கும், என் பெயருக்குப் பக்கத்தில், என்றார். நான் தோப்புக்குள்ளால் ஓடியே வீட்டுக்குப் போனேன். கோட்டு முழுக்கச் சோக்குத் தூள். அதற்கும் அம்மாவிடம் ஏச்சு.

பெற்றோர் சந்திப்பு மாசி மாதம் வந்தது. வழக்கமாக இப்படியான இடங்களில் நான்தான் மொழிபெயர்ப்பேன், உங்களைப்போலவே. நாங்கள் சும்மா மொழிபெயர்த்தோமா என்ன? வேண்டாததை விழுங்கினோம், உறைப்பைக் குறைத்தோம், அம்மா ஏசினால் அதை "அம்மா நன்றி சொல்கிறார்" என்று மாற்றினோம். பத்து வயதில் நாங்கள் ராஜதந்திரிகள். ஆனால் அந்த வருடம்தான் வகுப்பு ஆசிரியைக்குக் கருணை சுரந்தது. பிள்ளை மேல் இந்தப் பாரத்தைச் சுமத்தக் கூடாது, முறையான மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார்.

வந்தவர் எங்கள் கட்டடத்தில் மற்றப் படிக்கட்டுப் பக்கம் இருந்த, நாங்கள் மாமா என்று கூப்பிடும் தமிழர்தான். புதிதாக மொழிபெயர்ப்பாளர் பயிற்சி முடித்து அட்டை ஒன்று வாங்கியிருந்தார். சட்டையில் அதைக் குத்திக்கொண்டு வந்தார். "அக்கா, நான் ஒரு சொல்லும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அதுதான் சட்டம்," என்று வாசலிலேயே அம்மாவிடம் சொன்னார்.

மேசையில் ஐந்து பேர் இருந்தோம். ஆசிரியை, சிற்பி, மாமா, அம்மா, நான். நடுவில் கோப்பி போத்தலும் பிஸ்கற்றும். என் கரண்டிக் காய் மேசையின் ஓரத்தில் இருந்தது. ஆசிரியை தொடங்கினார். உங்கள் மகளிடம் அபூர்வமான திறமை இருக்கிறது, இத்தனை வருடத்தில் நான் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை, தகட்டில் பெயர் வரும், பத்திரிகையிலிருந்து படமெடுக்க வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். மாமா ஒன்றும் குறைக்காமல் அத்தனையையும் தமிழில் சொன்னார். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. எனக்கு அப்போதே பயம் பிடித்தது, ஏனென்றால் அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் யாராவது பிள்ளையை மெச்சினால் தாய் உடனே மறுக்க வேண்டும். "எங்க, உவள் எங்க படிக்கிறாள்" என்று சொல்ல வேண்டும். வந்தவர் திரும்ப மெச்சுவார், தாய் திரும்ப மறுப்பார், பந்து அங்கும் இங்கும் போய்வரும், ஒருவரும் ஒரு சொல்லையும் நம்பமாட்டார்கள். நாவூறு படாமல் இருக்கச் செய்கிற காரியம் அது. டெனிஷ்காரரிடம் அந்தப் பந்தை அடித்தால் அவர்கள் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"ஐயோ, இவளோ?" என்றார் அம்மா. "இவளுக்கு என்ன தெரியும்? இவள் ஒண்டும் செய்யேல்லை. ஆரோ செய்ததைப் பாத்துச் செய்திருப்பாள். வீட்டில ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது இவளுக்கு."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து இருந்து, டெனிஷில் சொன்னார். "இதை மகள் செய்யவில்லை என்று தாயார் சொல்கிறார். வேறு யாரோ செய்ததைப் பார்த்துச் செய்தாளாம். அவளுக்குத் தேநீர் தயாரிக்கவும் தெரியாது."

அந்த மனிதருக்குத் தெரியாதா? தன் பெண்பிள்ளைகளை நாங்கள் மெச்சினால் அவரும் இதே பாட்டைத்தானே பாடுவார்? அம்மா எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று அந்த மேசையில் விளங்கிய ஒரே பெரிய மனிதர் அவர்தான். ஒரு வசனம் கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், எங்கள் வழக்கம் இது, நம்ப வேண்டாம் என்று. அட்டை விடவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை, இருந்திருந்தால் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "இது உண்மையா? நீ வேறு யாருடையதையோ பார்த்துச் செய்தாயா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்வதென்றால் என் அம்மா பொய் சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் முன்னால் சொல்ல வேண்டும். அந்நியர் இருக்கும் இடத்தில் தாயை எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை எங்கள் வீட்டில் பிறக்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் சிற்பியைப் பார்த்தேன். அவர் சொல்லலாம். மூன்று கிழமை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். ஒரு வாய் கோப்பி குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார், "நோ," என்றார். ஆங்கிலத்து நோ இல்லை. அப்படியா, சரி, இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் டெனிஷ்காரர் சொல்லும் அந்தச் சின்னச் சொல். அதற்குப் பிறகு அவர் பிஸ்கற் எடுத்துக்கொண்டார். வாயில் என்ன கொழுக்கட்டையா? பிஸ்கற்தானே. விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

ஆசிரியை ஒரு தாளில் ஏதோ எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இந்த நாட்டில் மற்றவர் செய்ததை நமது என்று சொல்வதில்லை, நீ புதிது, அதனால் இதைப் பெரிதுபடுத்தமாட்டேன் என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது. மாமா அதை மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. என்னிடம் சொன்னது என்பதால் தேவையில்லை என்று நினைத்தாராம். அதனால் அம்மா சிரித்த முகத்தோடு எழும்பி எல்லாருக்கும் கைகொடுத்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அவருக்கு நினைப்பு.

அன்று பொழுதுபடும் நேரம் வீட்டில் எனக்கு நாவூறு கழித்தார்கள். செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து என்னைச் சுற்றி, எலெக்ற்றிக் அடுப்பின் தகட்டில் போட்டார் அம்மா. மிளகாய் கருகினால் நெடி ஏற வேண்டும், வீடே இருமவேண்டும். நெடி வரவில்லையென்றால் நாவூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இருமல்கூட வரவில்லை.

"பாத்தியோ," என்றார் அம்மா. "ஒரு மணம் இல்லை. எவ்வளவு கண் பட்டிருக்கு பார்."

நான் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். அதை நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

என் கரண்டிக் காயை ஆசிரியை என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார். அம்மா அதைப் புடவைத் துண்டால் பிடித்தார், கண் பட்ட சாமானைக் கையால் தொடவே பயம். படிக்கட்டில் குப்பை போடும் குழாய் இருந்ததே, சுவரில் ஓர் இரும்பு மூடி, திறந்து போட்டால் நேரே நிலவறைக்குப் போகும், அதன் மூடியைத் திறந்து உள்ளே விட்டார். நான்கு மாடிக்கும் அது தட்டுப்பட்டுக்கொண்டே விழுந்த சத்தம் கேட்டது. முதலில் களிமண் மோதியது, பிறகு கரண்டிகள் தனித்தனியாகச் சிதறின. நான் கதவருகில் நின்று, கடைசிச் சத்தம் வரும்வரை கேட்டேன்.

அப்பா வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேப்பரில படம் வராட்டி நல்லது," என்று சொல்லிச் சோற்றுக் கோப்பையை இழுத்தார். வகுப்பில் என்னை அதற்குப் பிறகு ஏமாற்றுக்காரி என்று கூப்பிட்டார்கள். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. கணக்கில் முழுப் புள்ளி எடுத்தால்கூட, யாரைப் பார்த்து எழுதினாய் என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். கைவேலை வகுப்பில் நான் அதற்குப் பிறகு முள்ளெலி செய்தேன். காய் பொறுக்குவதையும் விட்டுவிட்டேன்.

வைகாசியில் திறப்பு விழா. முற்றத்தில் அது நின்றது, வெயிலில், என் புள்ளிகளில், ஒவ்வொரு செதிலும் நான் வைத்த இடத்தில். தகட்டில் சிற்பியின் பெயர் இருந்தது, கீழே சின்ன எழுத்தில் "பள்ளி மாணவர்களின் உதவியோடு" என்றிருந்தது. சிற்பி பேசினார். இயற்கையின் ஒழுங்கைக் காண இரண்டு வருடம் காடுகளில் அலைந்தேன் என்றார். அந்த ஆள் ஒரு காயை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்ததில்லை. என்னைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா சேலைக்கு மேலே தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து, சிற்பிக்கும் ஆசிரியைக்கும் முதலில் நீட்டினார். ஆசிரியை இரண்டு எடுத்தார். சிற்பி மூன்று.

நான் அம்மாவிடம் இதைப்பற்றிக் கேட்டதே இல்லை. கோபம் வேறு வேறு வடிவத்தில் வந்தது. பதினாறு வயதில் சமையலறைக்குள் போக மறுத்தேன், கல்யாணத்தைக் கொழும்பிலிருந்து பேசியபோது கதவை அடித்துச் சாத்தினேன், கோப்பன்ஹேகனில் படிக்க இடம் கிடைத்ததும் ஒரு கிழமைக்குள் வெளிக்கிட்டேன். எனக்கு என்ன கோபம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாதமாதிரி இருந்தார். நான் அங்கேயே பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் வீடு வாங்கினேன், பிள்ளை பெற்றேன், ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா அதே கட்டடத்தில், அதே நான்காம் மாடியில் தனியாக இருந்தார்.

போன வருடம் ஒரு நாள் தொலைபேசியில் மரக்கறி விலை கதைத்துக்கொண்டிருந்த அம்மா இடையில் சொன்னார்: "பள்ளிக்கூடத்தை இடிக்கப் போயினமாம். உன்ர சாமானைத் தூக்கிக்கொண்டுபோய் லைப்ரரிக்கு முன்னால வைக்கப் போயினமாம். புதுத் தகடும் அடிக்கினமாம்."

"என்ர சாமானோ?" என்றேன். "ஆர் சொன்னது அது என்ர எண்டு?"

மறுமுனையில் அம்மா குழாயைத் திறந்து எதையோ கழுவத் தொடங்கினார்.

"அம்மா, உங்களைத்தான் கேக்கிறன். நாற்பது வருசமா அது ஆற்ர?"

"உன்ரதான்," என்றார். "எனக்குத் தெரியாதோ?"

அடுத்த கிழமை லீவு போட்டு, மூன்றரை மணி நேரம் ரயிலில் போய், அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொம்யூனுக்குப் போனேன். எனக்கு ஒன்றுதான் வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். புதுத் தகட்டில் என் பெயர் வர வேண்டும். சிற்பி செத்துப்போய்ப் பல வருடமாகிறது, ஆசிரியை எங்கேயோ தெரியாது, மாமாவும் இல்லை. உண்மை தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நானும் அம்மாவும் மட்டும்தான்.

கலைப் பொருட்களைக் கவனிக்கும் பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள். பழைய கோப்புகளை எல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறார்களாம், தேடினாள், திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஆசிரியை அன்றைக்கு எழுதிய தாள். நான்கு வசனங்கள். மாதிரியைத் தன் மகள் செய்யவில்லை என்று தாயார் மொழிபெயர்ப்பாளர் மூலம் தெரிவித்தார். வேறொருவர் செய்ததைப் பார்த்துச் செய்ததாகக் கூறினார். மாணவி மறுக்கவில்லை. சிற்பி கருத்து எதுவும் சொல்லவில்லை.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னேன்.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான் சொன்னனான்."

"ஏன் சொன்னனீங்கள்?" நான் அந்த அறையில் சத்தம் போட்டேன். அந்தப் பெண் திடுக்கிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். "நான் செய்ததை நீங்கள் பாத்தனீங்கள். கரண்டிக்கு ஏசினனீங்கள். சோக்குத் தூளுக்கு ஏசினனீங்கள். பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அம்மா கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். "உன்ர அண்ணா எட்டு டீ எடுத்தவன்," என்றார். அண்ணாவைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சோதினையில எட்டுப் பாடத்துக்கும் ஆக உயர்ந்த புள்ளி. ரோட்டால போற சனமெல்லாம் வீட்டுக்கு வந்து புகழ்ந்தது. நானும் சிரிச்சுக்கொண்டு, ஓம், என்ர பிள்ளை கெட்டிக்காரன் எண்டு எல்லாருக்கும் சொன்னன். தேத்தண்ணி ஊத்தி ஊத்திச் சொன்னன். மூண்டு கிழமையில ஆமி வந்து பிடிச்சுக்கொண்டு போட்டுது. அந்த மனுசி உன்னைப் பற்றி அவ்வளவு சொல்லேக்க எனக்கு ஈரல் நடுங்கினது. நான் ஒருக்காச் சொல்லி ஒண்டைக் குடுத்தனான். திரும்ப ஓம் எண்டு சொல்லுவனே?"

என் கோபம் போய்விட்டது என்று நீங்கள் நினைத்தால் பிழை. அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, அம்மாவை விட்டு இறங்கி எங்கே போவதென்று தெரியாமல். ஆமி மேல் போடலாம், ஆசிரியை மேல் போடலாம், பிஸ்கற் தின்ற மனிதன் மேல் போடலாம். எனக்கு முன்னால் இருந்தது எண்பத்திரண்டு வயது அம்மா மட்டும்.

அந்தப் பெண் மெல்லக் கேட்டாள். தாயார் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்ல விரும்பினால் அதைப் பதிந்து கலைக் குழுவுக்கு அனுப்பலாம், தகடு இன்னும் அடிக்கவில்லை, என்ன எழுத?

நான் மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன்னமே அம்மா தானே டெனிஷில் சொன்னார். முப்பது வருடம் சாப்பாட்டு அறையில் கேட்டுக் கேட்டுப் பிடித்த டெனிஷ். "என் மகள் செய்தது. எல்லாம் என் மகள்."

அந்தப் பெண்ணின் விரல்கள் வேகமாக ஓடின. அப்போது அம்மா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசர அவசரமாக, திரும்பவும் டெனிஷில் சொன்னார்: "ஆனால் நன்றாகச் செய்யவில்லை. அவ்வளவு வடிவில்லை. அதையும் எழுதுங்கள்."

விரல்கள் நின்றன. அந்தப் பெண் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். "இதையும் பதிய வேண்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "அம்மா சொல்வது பொய். அது வடிவாகத்தான் இருக்கிறது. நான் நன்றாகத்தான் செய்தேன். அப்படியே எழுதுங்கள்."

அம்மா திரும்ப வாயைத் திறந்தார்.

"அம்மா," என்றேன், "நீங்கள் பேசாம இருங்கோ."